மருந்தும் மறைப்பும்

நமது நாட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அந்த வீட்டார் முதன்முதல் செய்கின்ற காரியம் என்னவென்றால், டாக்டரைத் தனியே அழைத்துப் போய், "அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொள்வதேயாகும். மகன் கேட்டுக்கொள்ளுகின்றான், மருமகன் கேட்டுக்கொள்ளுகின்றான். நோயாளி ஒரு பெண்ணாயிருந்தாலோ கேட்டுக்கொள்ளவும் வேண்டியதில்லை. அந்தம்மாளிடம் சொல்லுவது என்கின்ற பேச்சே எழுவதில்லை. உடம்பு யாருடையதோ அவர் ஒருவரைத் தவிர, பக்கத்து வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் சங்கதி தெரிந்திருக்கும். இதற்கு அன்பு என்று பேர்!

இது அன்பா அல்லவா என்று நியாயம் பேச நாம் வரவில்லை. இந்த மறைப்பினால் உயிரே போகக்கூடும் என்பதை ஒரு மருந்தைக் கொண்டு காட்டவே இதை எழுதுகின்றோம்.

பெருங்குடலில் தோன்றிய புற்று முற்றி, கல்லீரல் முதலிய இடங்களுக்கும் பரவிவிட்ட நிலையில் ஏற்றப்படும் மருந்துகளில் இரினோடெகான் என்பது ஒன்று. இதன் மூலப்பொருள் சீன தேசத்து மரமொன்றில் இருப்பது. அமெரிக்காவில் வால் என்பவரும், மகாராட்டிரத்தில் பிறந்த வானி என்பவரும் அதன் அமைப்பை 1966-ல் வெளியிட்டார்கள். நமது மேற்குத்தொடர்ச்சி மலையிலுள்ள ஒரு மரத்திலும் அதே பொருள் உண்டென்று கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் 1972-ல் எழுதினார்கள். மரத்திலிருந்து வந்ததாயிற்றே, சாதுவாகத்தானே இருக்கும் என்று எண்ணுகின்றவர்கள் கவனிக்கவேண்டும். அந்த மூலப்பொருளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மூத்திரப்பையில் இரத்தம் கசியும்படி செய்ததால், அச்சோதனை 1970-களில் கைவிடப்பட்டது. பின்னர் ஜப்பானில், புளித்த பால் விற்கும் யாகுல்ட் கம்பெனியார் அதை மாற்றியமைத்ததே இரினோடெகான். அமெரிக்க சர்க்கார் இதற்கு 1996-ல் அனுமதி கொடுத்தது.

உயிரணு பிரியும்போது அதனுள் முறுக்கிக் கிடக்கும் மரபு இழையை அங்கங்கே வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டவேண்டியிருக்கின்றது. இம்மருந்து, வெட்டினதை ஒட்டவொட்டாமல் தடுத்துவிடும். அணு சாகும். புற்றணு எது, நல்லணு எது என்று பார்க்கும் விவேகம் இதற்குக் கிடையாது. வேகமாய்ப் பெருகுகின்ற எதையும் தாக்கும். ஆதலால் மயிர் உதிர்கின்றது. இரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைகின்றன.

எல்லாவற்றிலும் கொடியது பேதி. மருந்தேறும்போதோ அன்றைக்கோ வியர்வையோடும் வாய்நீரோடும் வருகின்ற பேதி வேறு. அதை ஆஸ்பத்திரியிலேயே அட்ரோபின் ஊசியால் அடக்கிவிடலாம். பின்னால் வருவதுதான் ஆளைக் கொல்லுவது. கல்லீரலானது இந்த விஷத்தை ஒரு சர்க்கரைப் பொருளோடு கட்டிப்போட்டு, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகின்றது. குடலிலுள்ள கிருமிகள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. அவிழ்ந்த விஷம் குடலின் உட்சுவரை அரிக்கின்றது. சிலருக்கு இப்படிக் கட்டிப்போடும் சக்தியே பிறவியில் குறைவு. வட அமெரிக்காவில் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் அத்தகைய மரபமைப்பு உடையவர்களென்று கண்டு, 2005-ல் மருந்தின் குறிப்பிலேயே எச்சரிக்கை சேர்த்தார்கள். அதற்கு இரத்தப் பரிசோதனையும் உண்டு. அளவைக் குறைத்துக் கொடுக்க வழியும் உண்டு. தலைவிதிக்கு இதில் வேலையில்லை.

இப்போது அந்த மறைக்கப்பட்ட நோயாளியை நினைத்துப் பாருங்கள். "சத்து மருந்து ஏற்றுகின்றார்கள்" என்று சொல்லி அவரை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்கள். ஐந்தாறு நாள் கழித்துப் பேதியாகின்றது. நேற்றுச் சாப்பிட்ட குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கின்றார். மோர் குடிக்கின்றார், ஓமத்தண்ணீர் குடிக்கின்றார். எத்தனை தடவை என்று வெளியில் சொல்ல வெட்கம். டாக்டர் கொடுத்த லோபரமைடு மாத்திரை மகனுடைய அலமாரியில் இருக்கின்றது. மகன் வேலைக்குப் போயிருக்கின்றான். முதல் தடவை இளகினவுடனேயே தொடங்கி, சாதாரண பேதிக்குச் சாப்பிடும் அளவைவிட அதிகமாய், டாக்டர் எழுதித் தந்த மணிக்கணக்குப்படி சாப்பிடவேண்டிய மாத்திரை அது! மூன்றாம் நாள் நாக்கு வறண்டு, மூத்திரம் நின்று, வெள்ளையணு இல்லாத உடம்பில் காய்ச்சலும் கண்டபிறகு வண்டி பிடிக்கின்றார்கள். அப்புறம், "மருந்து கொன்றுவிட்டது" என்கின்றார்கள். மருந்து மட்டுமா கொன்றது என்று கேட்கின்றோம்.

"தெரிந்தால் மனமுடைந்துவிடுவாரே" என்பார்கள். உடையலாம். ஆனால் அவருக்குச் சொல்லக்கூடிய வேறு செய்தியும் இருக்கின்றதே! முன் கொடுத்த மருந்து பலிக்காமற்போனவர்களை வைத்து ஐரோப்பாவில் நடந்து 1998-ல் வெளியான ஒரு சோதனையில், இரினோடெகான் பெற்றவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஓராண்டு கழித்து உயிரோடிருந்தார்கள். அது இல்லாமல் பராமரிப்பு மாத்திரம் பெற்றவர்களில் 14 பேர்தான். முற்றிய நோயை இது வேரோடு அறுப்பதில்லை என்பதும் உண்மையே. இவ்வளவு காலத்துக்காக இவ்வளவு கஷ்டம் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை மகனுக்கு எங்கிருந்து வந்தது? மகளுக்குக் கல்யாணம், பாகப் பத்திரம், ஒரு பழைய சிநேகிதனைப் பார்த்துவிட்டு வருவது என்று அவருக்கும் காரியங்கள் இருக்குமல்லவா?

டாக்டர்களையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. வீட்டார் கேட்டுக்கொண்டார்கள் என்பதற்காக இசைந்துபோகின்றவர்கள் 2001-ல் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கட்டும். இரண்டு பெரிய சோதனைகளில், இம்மருந்தை வேறொன்றோடு சேர்த்து ஒருவிதமாய்ப் பெற்றவர்களில் முதல் 60 நாளில் இறந்தவர் தொகை மற்றவர்களைவிட அதிகமாயிருந்தது. நடத்தினவர்கள் அதை மூடிவைக்கவில்லை. ஒவ்வொரு சாவையும் ஆராயச் செய்து, அச்சிட்டு வெளியிட்டு, அளவையும் குறைத்தார்கள். உலகத்துக்கே சொல்லப்பட்ட விஷயத்தை, கட்டிலில் படுத்திருப்பவருக்குச் சொல்லக்கூடாதாம்!

மருந்தின் பேர், எத்தனை தடவை பேதியானால் வரவேண்டும், காய்ச்சல் எவ்வளவு கண்டால் உடனே வரவேண்டும், இராத்திரியில் எந்த டெலிபோனுக்குப் பேசுவது ஆகியவற்றைத் தமிழில் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதமும் மாத்திரையும் நோயாளியின் தலையணைக்கடியில் இருக்கட்டும். மகன் அலமாரியில் வேண்டாம்.