மீயும் நம் இடியாப்பமும்

காலையில் பள்ளிக்கு வரும் சிறுவர்களிடம், "என்ன பசியாறினாய்?" என்று கேட்டால், பலர் கூறும் மறுமொழி "மீ" என்பதே. "சீனர் உணவு நம் வீட்டிற்குள் புகுந்துவிட்டதே!" எனப் பெரியோர் சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் பாதியே நியாயம் என்பது நம் கருத்து.

மீ சீனத்திலிருந்து வந்தது உண்மையே. அந்நாட்டின் லாஜியா என்னுமிடத்தில், கவிழ்ந்த கிண்ணம் ஒன்றின் அடியில், ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழமையான நூலுணவைக் கண்டதாக 2005இல் ஆய்வாளர் அறிவித்தனர். ஆயினும், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நாம் உண்ணும் மீ கோரெங்கைச் சீனத்தில் தேடினால் கிடைக்காது. ஹொக்கியன் மக்கள் கொணர்ந்த மஞ்சள் மீயை, தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துப் பிரட்டி, எலுமிச்சைத் துண்டுடன் பரிமாறினர். பெயரில் சீனமும் மலாயும், கைப்பக்குவத்தில் தமிழும் கலந்த அதனை அயலுணவு என்று எப்படித் தள்ளுவது?

நம் வருத்தம் வேறு. அரிசி மாவைப் பிழிந்து ஆவியில் அவிக்கும் இடியாப்பமும் நூலுணவே. மலாய்க்காரரும் அதனைப் 'புத்து மாயாம்' என விரும்பி வாங்கி, தேங்காய்த் துருவலும் சீனியும் தூவி உண்கின்றனர். நம் வீட்டு இடியாப்ப உரலோ அடுக்களை மூலையில் தூசு படிந்து கிடக்கிறது! 1958இல் ஜப்பானில் மொமோபுக்கு ஆண்டோ உருவாக்கிய உடனடி மீ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தோட்டத்துத் தாய்மாரை நாம் குறை கூறோம்; சில நிமிடத்தில் வேகும் பொட்டலம் அவர்களுக்குப் பேருதவி. ஆனால், ஞாயிற்றுக்கிழமை? அன்றேனும் உரலைக் கழுவி எடுங்கள். பிழிவதற்குப் பிள்ளைகளையும் அழையுங்கள். கை வலிக்கும்தான், பிழிந்து பார்த்தே சொல்கிறோம்.