வழவழப்பான தோலும் வறண்டிருக்கலாம்

தோலின் சொரசொரப்பைக் கருவி வைத்து அளக்க முடியுமா என்று கரப்பான் (எக்சிமா) நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. முடியும். சிலிக்கோன் பசையைத் தோலின்மீது பூசி, இறுகியபின் உரித்தெடுத்தால் மேடுபள்ளங்கள் அதில் அப்படியே பதிந்திருக்கும். அவ்வச்சைக் கொண்டு மேட்டின் உயரத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் மைக்ரோமீட்டரில் கணக்கிடுவர். தோலையே நேரடியாகப் படமெடுத்து அளக்கும் கேமராக்களும் உள்ளன.

ஆயினும் அந்த எண்ணை மட்டும் நம்பிச் சிகிச்சையை முடிவு செய்ய நாங்கள் விரும்புவதில்லை. ஆய்வுக்கூடத்தில் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில், ஏறத்தாழ அரைமணி நேரம் அமர வைத்த பின்னரே அளக்கின்றனர். வெயிலில் பேருந்தில் வந்து, வியர்வை உலராமல் எடுத்த எண்ணுக்கு என்ன பொருள்? கடைகளிலும் அழகு நிலையங்களிலும் 'தோல் பரிசோதனை' என்று அச்சிட்டுத் தரும் தாளுக்காகப் பணம் செலவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதன் அடியில் ஏதேனும் ஒரு கிரீமின் பெயர் இருந்தால் வியப்பில்லை.

இத்தகைய அளவீடுகள் உணர்த்தும் ஓர் உண்மை மட்டும் எல்லா வீட்டுக்கும் வேண்டியது. புண் இல்லாத இடத்துத் தோலும் இவர்களுக்கு வறண்டே இருக்கிறது. பார்வைக்கு நன்றாகத் தோன்றும்போதே நீரைக் கூடுதலாக வெளியே விடுகிறது. 1993-இல் ஐரோப்பிய வல்லுநர்கள் வகுத்த ஸ்கோராட் மதிப்பீட்டில் வறட்சியைப் புண்ணில் பார்ப்பதில்லை, புண்ணில்லாத தோலில்தான் பார்க்கின்றனர். தோலின் காப்புச்சுவருக்கு வேண்டிய ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணுக் குறைபாடு சிலருக்கு இந்நோய் வர ஒரு காரணம் என்பது 2006-இல் தெரியவந்தது. களிம்பு தடவுவதால் மரபணு மாறிவிடாது. எனவே, "வழவழப்பாகிவிட்டதே" என்று ஈரப்பதக் களிம்பை நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு களிம்பு வேறு. அதை மருத்துவர் சொன்ன நாள்களுக்கு மட்டுமே பூச வேண்டும்.

வீட்டில் அளக்க உங்கள் கையே போதும். வாரம் ஒருமுறை, குளிப்பதற்கு முன், குழந்தையின் முன்கையையும் கெண்டைக்காலையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். கடந்த மூன்று நாள்களில் அரிப்பு எவ்வளவு, தூக்கம் எவ்வளவு கெட்டது என்பதற்கு 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுங்கள். இவ்விரண்டும் ஸ்கோராட் கேட்கும் கேள்விகளே. நாள்காட்டியின் ஓரத்தில் குறித்தாலும் போதும். அடுத்த முறை வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். தோலைப் பார்க்கும் முன் அதைத்தான் நாங்கள் பார்ப்போம்.