கடன் கழுத்தை நெரிக்கும்போது சீர்வரிசை எதற்கு?

ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது. ஐந்தாம் தேதிக்குள் பறந்துவிடுகிறது. வீட்டு வாடகை, பால், மளிகை, பள்ளிக்கூட பீஸ், செல்போன் தவணை, வட்டி. எல்லாம் போக மிச்சம் பஸ் சார்ஜ்தான். அந்த நேரம் பார்த்து மஞ்சள் தடவிய பத்திரிகை வீடு தேடி வருகிறது.

"அக்கா பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் இல்லாம எப்படி?"

அவ்வளவுதான். பட்டுப் பாவாடை எவ்வளவு, தட்டு வரிசை எத்தனை, மோதிரம் அரைப் பவுனா, கால் பவுனா என்று வீட்டில் கணக்கு ஆரம்பமாகிறது. கையில் காசு இல்லை. வட்டிக்கு ஆள் இருக்கிறார். வாங்கியாகிவிட்டது. மேளதாளத்தோடு சீர் போகிறது. ஊரே பார்க்கிறது. மறுமாதம் வட்டிக்காரர் வாசலில் நிற்பதையும் அதே ஊர்தான் பார்க்கிறது!

வண்ணாரப்பேட்டையில் இருந்து தாம்பரம் வரை தெருவுக்குத் தெரு இதே கதைதான். கடனில் இருக்கிற குடும்பம் முதலில் எதைக் குறைக்க வேண்டும்? பாலையா? பிள்ளைக்கு வாங்கும் முட்டையையா? இல்லை, சீரையும் வெட்டி மொய்யையுமா? பெரும்பாலான வீடுகளில் பால்தான் குறைகிறது. சீர் குறைவதில்லை. இதைத்தான் மாற்ற வேண்டும்.

வட்டி தின்னும் சம்பளம்

உதாரணத்துக்கு ஒரு வீடு. மாத வருமானம் ரூ.28 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து வட்டிக்கு வாங்கியது ரூ.20 ஆயிரம். அடகுக் கடையில் நகை வைத்து வாங்கியது ரூ.50 ஆயிரம், இரண்டு வட்டி. கடன் அட்டையில் பாக்கி ரூ.15 ஆயிரம், மாதம் 3½ சதவீதம்.

பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். ஆக, மாதம் ரூ.2 ஆயிரம் அதற்கே போச்சு. அடகுக் கடைக்கு ஆயிரம். கார்டுக்கு ரூ.525. மொத்தம் மாதம் ரூ.3,525. வருடத்துக்கு ரூ.42,300! ஒன்றரை மாதச் சம்பளம் வட்டிக்கே அவுட். அசலில் ஒரு பைசா குறையவில்லை.

தண்டல் கதை இன்னும் மோசம். ரூ.10 ஆயிரம் என்று எழுதிக்கொண்டு, ரூ.1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு, கையில் ரூ.8,500 கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூறு ரூபாய்தானே அண்ணே, கல்லாவுல இருந்து எடுத்துக் கொடுத்துட்டாப் போச்சு" என்று கடைக்காரர் நினைக்கிறார். கட்டக் கட்ட அசல் குறைகிறது. சராசரியாகப் பார்த்தால் அந்த 100 நாளும் அவர் கையில் இருப்பது பாதிப் பணம்தான். அதற்கு ரூ.1,500 வட்டி. ஆண்டுக் கணக்கில் இது 120 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இப்படிப்பட்ட கடனை வைத்துக்கொண்டு, இன்னொருவர் வீட்டு விசேஷத்துக்கு ரூ.12 ஆயிரத்துக்குச் சீர் செய்தால், அந்தச் சீரின் உண்மையான விலை 12 ஆயிரம் அல்ல. பத்து வட்டியில் ஒரு வருடம் போனால் ரூ.26,400!

மொய் வேறு, சீர் வேறு

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மொய் என்பது பரிசு மட்டும் அல்ல. வட்டியில்லாத கைமாற்று. அதனால்தான் மொய் நோட்டு போட்டுப் பெயர், ஊர், தொகை என்று எழுதி வைக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம், தஞ்சை மாவட்டம் பேராவூரணி பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே நடக்கிறது. கறிச்சோறு போட்டு மொய் வாங்கி, தொழிலுக்கும் கடனுக்கும் பயன்படுத்துகிறார்கள். வாங்கியவர் பிறகு திருப்பிச் செய்தே ஆக வேண்டும். ஏழைக்கு பேங்க் கதவு திறக்காத காலத்தில் ஊர் கண்டுபிடித்த நல்ல ஏற்பாடு அது.

ஆகவே, தன் வீட்டு விசேஷத்தில் ஒருவர் ரூ.500 எழுதியிருந்தால், அவர் வீட்டு விசேஷத்தில் அந்த 500-ஐத் திருப்பிச் செய்வதுதான் நாணயம். அதில் கை வைக்கக் கூடாது.

ஆனால், "அவங்க ஐந்நூறு செஞ்சாங்க, நாம ஆயிரத்து ஒண்ணு செய்யலைன்னா மரியாதையா இருக்குமா?" என்று ஏற்றிக்கொண்டே போவது இருக்கிறதே, அது நாணயம் அல்ல. வீம்பு. கடன் தீரும் வரை வாங்கியதை மட்டும் திருப்பிச் செய்தால் போதும். மேலே ஏற்ற வேண்டாம். யாரும் சட்டையைப் பிடித்துக் கேட்கப் போவதில்லை.

முன்பெல்லாம் நேரில் போனால்தான் மொய். 2021-ல் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே செல்போனில் மொய் அனுப்பும் கட்டத்தை அச்சடித்துவிட்டார்கள். இப்போது பல மண்டபங்களில் அந்தக் கட்டம் தொங்குகிறது. "கையில சில்லறை இல்லீங்க" என்று நழுவ முடியாது. விரல் தட்டினால் பணம் போய்விடுகிறது. போவது தெரிவதில்லை. அதனால்தான் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு அவசியம். வந்த மொய் ஒரு பக்கம், கொடுத்த மொய் ஒரு பக்கம்.

சீர் அப்படி அல்ல. ஆடிச் சீர், தலை தீபாவளி, பொங்கல் சீர், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் என்று அது ஒரு பக்கமாகவே போகிறது. பெண்ணைக் கொடுத்த வீட்டில் இருந்துதான் எப்போதும் தட்டு கிளம்புகிறது. குறைக்க வேண்டியது இங்கேதான்.

"என் தங்கச்சியை இளக்காரமா பேசுவாங்களே!"

சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அண்ணன் வெறுங்கையோடு போனால், அவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பேச்சு விழுவது தங்கை மேல். "உங்க அண்ணன் என்ன செஞ்சான்?" என்று மாமியார் கேட்பார். நாத்தனார் சிரிப்பார். அந்தப் பெண் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அதற்குப் பயந்துதான் அண்ணன் வட்டிக்கு வாங்குகிறான். வீம்புக்கு மட்டும் அல்ல, பாசத்துக்கும்தான்.

அப்படியானால் முதலில் வாயைத் திறக்க வேண்டியவர் யார்? சீர் வாங்குகிற வீட்டுப் பெரியவர்கள்தான். "தம்பி, இந்த வருஷம் கடனைக் கட்டுங்க. ஒரு தேங்காய், பழம், வெத்தலை பாக்கு போதும். பிள்ளையை வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று மாமனாரோ மாமியாரோ ஒரு வார்த்தை சொன்னால், இரண்டு குடும்பம் நிம்மதியாகத் தூங்கும். சம்பந்தி வீட்டாரின் சுமை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு தட்டை எண்ணுகிறவர்கள், வட்டிக்காரருக்குத் தரகு வேலை பார்க்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அவர்கள் சொல்லவில்லையா? தங்கையிடமே உள்ளதைச் சொல்லிவிடலாம். "அண்ணனுக்கு இருபதாயிரம் கடன் இருக்கும்மா. ஒரு வருஷம் பொறுத்துக்க." இதைப் புரிந்துகொள்ளாத தங்கை அபூர்வம். கடன் இருப்பதை மறைத்துச் சீர் செய்யும் அண்ணனைவிட, கடனை முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்து வரும் அண்ணன்தான் அவளுக்குப் பெருமை.

எதைக் குறைக்கலாம்?

பிள்ளைகளின் சாப்பாடு, மருந்து, பள்ளிக்கூட பீஸ். இந்த மூன்றிலும் கத்தரியைப் போடக் கூடாது. அதில் மிச்சம் பிடித்தால் பிறகு ஆஸ்பத்திரியில் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டிவரும்.

குறைக்கக் கூடியது வேறு இருக்கிறது. ஆபீஸ் வாசலில் காலையும் மாலையும் டீ, வடை என்று நாளைக்கு 40 ரூபாய் போனால் மாதம் ரூ.1,200. வருடம் ரூ.14,400. டீயே குடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் குடித்துவிட்டுக் கிளம்பலாம். மின்சார ரயிலில் தினமும் டிக்கெட் எடுக்கிறவர் சீசன் டிக்கெட் எடுத்தால் அதிலும் மிச்சம்.

அடுத்து பரிசு. மேலே சொன்ன அதே வீட்டில் வருடத்துக்கு மொய் ரூ.6 ஆயிரம், தாய்மாமன் சீர் ரூ.12 ஆயிரம், தீபாவளிக்கு உறவினர் வீட்டுத் துணிமணி ரூ.6 ஆயிரம், பொங்கல் சீர் ரூ.4 ஆயிரம் என்று வைத்தால் ரூ.28 ஆயிரம். முழுசாக ஒரு மாதச் சம்பளம்! திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யை விட்டுவிட்டு, மற்றதில் கை வைத்தால் பாதியைக் கண்டிப்பாகக் குறைக்கலாம். அது ரூ.14 ஆயிரம். டீ, வடைக் காசோடு சேர்ந்தால் ரூ.28,400. மாதத்துக்கு ரூ.2,366.

ரங்கநாதன் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக இடிபட்டு வாங்குகிற சேலையை, வாங்கிக்கொள்பவர் இரண்டு தடவை கட்டுவாரா? பீரோவில் ஏற்கெனவே இருபது இருக்கும். அதற்குப் பதில் வீட்டில் முறுக்கு சுட்டு ஒரு டப்பா கொண்டுபோனால், அன்று மாலையே காலி. பேர் என்னவோ முறுக்குக்குத்தான் நிற்கும்.

எதை முதலில் கட்டுவது?

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நகை அடகில் இருக்கிறதே என்று அதை முதலில் மீட்க ஓடுகிறார்கள். தப்பு. நகைக் கடனுக்கு இரண்டு வட்டி, அந்தக் கைக்கடனுக்கோ பத்து வட்டி. பெரிய வட்டியைத்தான் முதலில் அடைக்க வேண்டும்.

அந்த வட்டிக்காரர் அசலைச் சில்லறையாக வாங்க மாட்டேன் என்பார். வட்டி வந்துகொண்டே இருந்தால்தான் அவருக்கு லாபம். பரவாயில்லை. மாதாமாதம் மிச்சமாகும் ரூ.2,366-ஐ தபால் ஆபீஸிலோ பேங்கிலோ போட்டுவந்தால், ஒன்பதாம் மாதம் ரூ.20 ஆயிரம் சேர்ந்துவிடும். கொண்டுபோய்க் கொடுத்து, எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் திருப்பி வாங்கிவிடலாம். வீட்டில் அடகு வைக்காத நகை ஏதாவது மிச்சம் இருந்தால் ஒன்பது மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். பேங்கில் நகைக் கடனுக்கு மாதம் ஒரு ரூபாயை ஒட்டித்தான் வட்டி. அங்கே வாங்கி இங்கே அடைத்தால் ரூ.2 ஆயிரம் வட்டி ரூ.200 ஆகிறது.

பெரிய கடன் தீர்ந்த பிறகு என்ன நடக்கிறது? அதுவரை அதற்குக் கட்டிய ரூ.2 ஆயிரம் வட்டியும் மிச்சம். பழைய ரூ.2,366-ஐயும் சேர்த்தால் மாதம் ரூ.4,366. அதைக் கடன் அட்டை மேல் போட்டால் நாலே மாதத்தில் அதுவும் காலி. பிறகு நகை. முதல் கடனை அடைக்கத்தான் மூச்சு முட்டும். அடுத்தடுத்து சுலபம்.

போனஸ் வருகிறவர்களுக்கு இன்னொரு வழி. சட்டப்படி போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று இருக்கிறது. அந்தப் பணம் கைக்கு வந்த அன்றே கடனுக்குப் போக வேண்டும். பட்டாசுக் கடை வழியாகப் போனால் கடனுக்கு வந்து சேராது.

சீட்டு கட்டித்தான் சேர்ப்பேன் என்பவர்கள், 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பார்த்துச் சேர வேண்டும். "தெரிஞ்சவங்கதான்" என்று நம்பித் தீபாவளிச் சீட்டில் பணத்தை விட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மிரட்டினால்?

கடனைக் கட்ட வேண்டும். அதே நேரம் அநியாய வட்டிக்கு அடிமையாக வேண்டியதில்லை. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்து 2003-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஜெயில் தண்டனையும் உண்டு. வீடு புகுந்து மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம். 2022-ல் 'ஆபரேஷன் கந்து வட்டி' என்று போலீசே மாநிலம் முழுக்க வேட்டை நடத்தியது.

2017 அக்டோபர் 23-ந்தேதி நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. கந்து வட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு தொழிலாளி, மனைவியோடும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடும் உயிரை மாய்த்துக்கொண்டார். எந்தக் கடனும் ஒரு உயிருக்கு ஈடு இல்லை. கடன் தொல்லை மனதை அழுத்தினால் வீட்டில் சொல்ல வேண்டும், நண்பரிடம் சொல்ல வேண்டும், போலீசில் சொல்ல வேண்டும். வெளியே சொன்னால் பாதி பாரம் குறையும்.

மானம் போய்விடும் என்று பயந்துதான் வட்டிக்கு வாங்கிச் சீர் செய்கிறார்கள். உள்ளதைச் சொல்வதால் எந்த மானமும் போகாது. இந்த வருடம் வெற்றிலை பாக்கோடு போய் நிற்கிற மாமனை உட்காரவைத்து, முதல் பந்தியில் சோறு போடுகிற வீடுதான் நல்ல சம்பந்தி வீடு. அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்கப் போகும் பெரியவர்கள், பத்திரிகையோடு அந்த ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வரட்டும்: "வந்தாப் போதும், ஒண்ணும் கொண்டுவர வேண்டாம்!"