தன்னுண்ணலைத் தூண்டுமுன்

நரம்புச் செல் பிரிந்து பெருகுவதில்லை. பிரியும் செல்களில் பழுதான புரதங்கள் சேய்ச் செல்களுக்குப் பங்காகிக் குறைகின்றன. நரம்புச் செல்லுக்கு அந்த வழி இல்லை. வாழ்நாளெல்லாம் சேரும் புரதத் திரள்களை அகற்ற அது பெரிதும் நம்பியிருப்பது தன்னுண்ணல் என்னும் ஆட்டோஃபேஜியை. 2006இல் ஜப்பானின் இரு குழுக்கள் எலிகளின் நரம்புச் செல்களில் தன்னுண்ணலுக்குத் தேவையான ஏடிஜி5, ஏடிஜி7 மரபணுக்களைத் தனித்தனியே நீக்கின. நோய்ப் புரதம் எதையும் புகுத்தாமலே திரள்கள் சேர்ந்தன. எலிகளின் இயக்கம் தடுமாறியது. சிகிச்சை நம்பிக்கைக்கு 2004இலேயே கேம்பிரிட்ஜில் டேவிட் ரூபின்ஸ்டைன் குழு வித்திட்டிருந்தது. தன்னுண்ணலைத் தடுத்துவைக்கும் எம்டார் நொதியை அடக்கும் ராபமைசின் வகை மருந்துகள் ஹண்டிங்டன் நோய் மாதிரி ஈக்களிலும் எலிகளிலும் பாதிப்பைக் குறைத்தன.

தூண்டினால் போதும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது. ஆனால் கழிவை அடையாளம் காணுதல், சவ்வுப் பையில் அடைத்தல், ஆக்சான் நுனியிலிருந்து செல்லுடல் நோக்கி நகர்த்துதல், லைசோசோமுடன் இணைத்தல், அமிலச் சூழலில் செரித்தல் என்று தன்னுண்ணலுக்குப் பல கட்டங்கள். எந்தக் கட்டம் கெடுகிறது என்பது நோய்க்கு நோய் மாறும். ஹண்டிங்டனில் பைகள் உருவாகியும் உள்ளே சரக்கு ஏறுவதில்லை. அல்சைமரில் பைகள் நிறைந்தும் செரிப்பதில்லை. லைசோசோமின் அமிலத்தன்மை குன்றி உண்டாகும் இத்தேக்கம், வெளியே அமிலாய்டு படிவதற்கு முன்பே தொடங்குவதை ரால்ஃப் நிக்ஸன் குழு 2022இல் எலிகளில் காட்டியது. இந்நிலையில் பை உற்பத்தியைக் கூட்டுவது, அடைத்துக்கொண்ட சாக்கடையில் மேலும் தண்ணீர் விடுவதுதான்.

அளவீடும் இதே இடத்தில் இடறுகிறது. உற்பத்தி பெருகினாலும் பைகளின் அடையாளப் புரதமான எல்சி3-II கூடும். செரிமானம் நின்றாலும் கூடும். பாஃபிலோமைசினால் லைசோசோமைத் தடுத்தும் தடுக்காமலும் ஒப்பிட்டால்தான் ஓட்டம் தெரியும். நோயாளியின் மூளையில் அதைச் செய்ய வழியில்லை. எனவே ஒரு மருந்து தோற்றால், இலக்கு தவறா, மருந்து இலக்கை எட்டவில்லையா என்று பிரித்தறிய முடிவதில்லை. தன்னுண்ணலைத் தூண்டும் லித்தியம் ஏஎல்எஸ் நோயைத் தாமதப்படுத்துவதாக 2008இல் இத்தாலியில் ஒரு சிறு ஆய்வு சொன்னது. பின்வந்த பெரிய சோதனைகளில் பலன் தென்படவில்லை.

பட்டினி மூளையைச் சுத்தம் செய்யுமா என்று நோயாளிகள் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நோபொரு மிசுஷிமா குழு 2004இல் எலிகளைப் பட்டினி போட்டபோது பெரும்பாலான திசுக்களில் தன்னுண்ணல் பெருகியது, மூளையில் பெருகவில்லை. 2010இல் வேறொரு குழு மாறாகக் கண்டது. பரிந்துரைக்க இது போதாது.

கெட்ட கட்டத்தையே செப்பனிடும் முயற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆம்ப்ராக்ஸால். ஜிபிஏ1 மரபணு மாற்றம் பார்க்கின்சனுக்கான மிகப் பரவலான மரபு இடர்க்காரணி. அந்த மரபணு தரும் நொதி தவறாக மடிந்து, லைசோசோமைச் சேராமலே வீணாகிறது. சளி மருந்தான ஆம்ப்ராக்ஸால் அதைத் தாங்கிக் கொண்டுசேர்க்கிறது. 2020இல் வெளியான லண்டன் சோதனையில் மருந்து மூளைத் தண்டுவட நீரை எட்டியது. அங்கு நொதிப் புரதத்தின் அளவு சுமார் 35 விழுக்காடு உயர்ந்தது. முதன்மைப் பகுப்பாய்வில் இடம்பெற்றவர்களோ 17 பேர்தான். மருந்துப்போலிக் குழுவும் இல்லை. அடுத்த சோதனைகள் முடியும்வரை இதை நோயாளிக்கு எழுதித் தர இடமில்லை. கடையில் கிடைக்கும் இருமல் மருந்தை நோயாளி தானே குடித்தும் பயனில்லை: இருமலுக்கு நாளொன்றுக்கு வழக்கமாக 90 மில்லிகிராம், சோதனையில் படிப்படியாக உயர்த்தித் தந்தது 1,260 மில்லிகிராம்.