வைஃபைக்கும் கைவைத்தியம் உண்டு!

அரைத்துக்கொண்டிருக்கும்போதே மிக்ஸி 'டப்'பென்று நின்றுபோனால் நாம் என்ன செய்வோம்? உடனே ரிப்பேர் கடைக்கா தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சின்னப் பித்தானை ஒரு அமுக்கு அமுக்குவோம். பல சமயம் அதுவே போதும். இத்தனை வருஷம் அடுப்படியில் பழகின இந்த புத்தி, லேப்டாப் விஷயத்தில் மட்டும் எனக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை! போன மாதம் ரூ.7,000 கையை விட்டுப் போகத் தெரிந்தது.

நடந்தது இதுதான், சகோதரிகளே. என் பெண்ணுக்கு வியாழக்கிழமை காலை 10 மணிக்கு ஆன்லைனில் வேலைக்கான இன்டர்வியூ. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தால் வைஃபையையே காணோம். வழக்கமாக எங்கள் வீடு, எதிர் வீடு, மாடி வீடு என்று ஏழெட்டுப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. மூலையில் பூகோள உருண்டை மாதிரி ஒரு படம் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தெருக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் இரண்டு நிமிஷம் தட்டிப் பார்த்தார். "மதர்போர்டு போச்சும்மா. ஏழாயிரம் ஆகும், நாலு நாள் ஆகும்" என்றார். "வியாழக்கிழமை இன்டர்வியூ இருக்கே" என்றதற்கு, "வீட்ல சாரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட சொல்றேன்" என்று பதில்! எனக்குச் சுருக்கென்றது. லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இவரோ, "போன்லயே பேசட்டுமே" என்கிறார். இன்டர்வியூவோடு கம்ப்யூட்டரில் எழுதும் பரீட்சையும் உண்டு என்பது அவருக்கு மறந்தே போச்சு.

ராத்திரி என் நாத்தனார் பையனைப் போனில் பிடித்தேன். கோயம்புத்தூரில் கல்லூரிக் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற வேலை அவனுக்கு.

"அத்தை, பதறாதீங்க. முதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்க போன்ல வைஃபை வருதா?"

"வருதே."

"அப்ப மோடத்து மேல குத்தமில்ல. லேப்டாப்தான்."

அடுத்து அவன் சொன்னது வயிற்றில் பால் வார்த்தது. போனைச் சார்ஜ் பண்ணும் ஒயரால் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் தட்டினால், வைஃபையே இல்லாமல் இன்டர்நெட் வந்துவிடுகிறது! கடைசி நிமிஷ ஆபத்துக்கு இதை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா கொடுக்கும் ஒயராக இருக்க வேண்டும். வெறும் சார்ஜ் மட்டும் ஏறுகிற ஒயர் உதவாது.

பிறகுதான் வைத்தியம். விசைப்பலகையின் மேல்வரிசையில் ஆகாயவிமானப் படமோ, கோபுரம் மாதிரி ஒரு படமோ போட்ட விசை இருக்கிறதா பாருங்கள். தெரியாமல் அது அழுந்திவிட்டால் 'ஏரோப்ளேன் மோட்' விழுந்து, வைஃபை அணைந்துவிடும். சில லேப்டாப்பில் 'எஃப்.என்.' விசையோடு சேர்த்து அமுக்க வேண்டும். பழைய லேப்டாப்பாக இருந்தால் பக்கவாட்டில் தள்ளுகிற ஸ்விட்ச்கூட இருக்கும். தவழுகிற குழந்தை உள்ள வீட்டில் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வர வேண்டும். எங்கள் வீட்டில் அது சரியாகவே இருந்தது.

அடுத்து, ஸ்டார்ட் பொத்தானின் மேல் மவுஸின் வலது பக்கத்தைத் தட்டி, 'டிவைஸ் மேனேஜர்' என்பதைத் திறக்கச் சொன்னான். அதில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற தலைப்பின் கீழ் வைஃபை அல்லது வயர்லெஸ் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் கீழ்நோக்கி அம்புக்குறி இருந்தால் யாரோ அணைத்திருக்கிறார்கள். 'எனேபிள்' கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் கார்டு இருக்கிறது, ஆனால் சண்டித்தனம் பண்ணுகிறது என்று அர்த்தம். வரியே இல்லையென்றால் கார்டு கழன்றிருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். எங்களுக்கு மஞ்சள் முக்கோணம். தட்டிப் பார்த்தால் 'கோட் 10', இந்தச் சாதனம் தொடங்கவில்லை என்று சொல்லிற்று.

"ஷட் டவுன் பண்ணிப் பார்த்துட்டேன்பா" என்றேன். சிரித்தான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால் அது முழுசாகத் தூங்குவதில்லையாம், மறுநாள் சீக்கிரம் எழுந்திருப்பதற்காக! 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்து, சார்ஜர், மவுஸ் எல்லாம் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கின மின்சாரம் வடிந்துவிடும். மிக்ஸி பித்தான் கதைதான்! எண்ணி முடித்து மறுபடி போட்டேன். ஏழெட்டுப் பெயரும் வரிசையாக வந்து நின்றன. அந்த நேரத்துக்கு ஒரு கத்து கத்தினேன்; இவர் எழுந்தே வந்துவிட்டார்.

ஆனால் புதன்கிழமை காலை மறுபடியும் மஞ்சள் முக்கோணம்! "திங்கக்கிழமை ஏதாவது அப்டேட் வந்துச்சா?" என்று கேட்டான். வந்திருந்தது. அந்த மஞ்சள் வரியை இரண்டு தடவை தட்டி, 'டிரைவர்' பக்கத்துக்குப் போய், 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்ததும் பழைய டிரைவர் திரும்பி வந்தது. பக்கத்திலேயே 'பவர் மேனேஜ்மென்ட்' என்று ஒன்று. சார்ஜை மிச்சம் பிடிக்கக் கார்டை அணைக்கலாம் என்று அதில் டிக் போட்டிருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். இன்றுவரை தொந்தரவு இல்லை.

பக்கத்து வீட்டுப் பெயரெல்லாம் வருகிறது, நம் வீட்டுப் பெயர் மட்டும் வரவில்லை என்றால் அது வேறு கோளாறு. இப்போதைய மோடங்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் தருகின்றன. 5 என்பது வேகம், ஆனால் சுவர் தாண்டுவதில் சோனி. சில பழைய கார்டுகளுக்கு அது கண்ணிலேயே படாது. 2.4 பெயரைத் தேர்ந்தெடுங்கள். செல்போன் 5ஜி வேறு, இது வேறு. நான் ரொம்ப நாள் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன்!

மோடத்தின் பக்கத்தில் மட்டும் வருகிறது, அடுத்த அறைக்குப் போனால் போய்விடுகிறது என்றால், கார்டிலிருந்து மூடிப் பக்கம் போகும் மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் கழன்றிருக்கலாம். மாடி வீட்டு மாமி ஃபேன் சுத்தம் பண்ணக் கொடுத்து வாங்கினதிலிருந்து இந்தக் கஷ்டம்தான் பட்டிருக்கிறார்.

கார்டே போய்விட்டாலும் பல லேப்டாப்பில் அது தனிச் சாமான், 22 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம், அவ்வளவுதான். சில ஒல்லி மாடல்களில் போர்டோடு ஒட்டியே வரும். அதற்கும் சில நூறு ரூபாயில், பென்டிரைவ் மாதிரி வெளியில் செருகுகிற வைஃபை அடாப்டர் கிடைக்கிறது. 'நெட்வொர்க் ரீசெட்' என்று யாராவது சொன்னால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சேமித்து வைத்த பாஸ்வேர்டெல்லாம் அழிந்துவிடும், முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை போன் ஒயரையும் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டுதான் பெண் உட்கார்ந்தாள். வைஃபை ஒரு தடவைகூட அசையவில்லை. அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாடி வீட்டு மாமி இப்போது தன் பிரின்டரையும் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.