புதுசாக்கித் தராதீர்கள்

போன டிசம்பரில் மாமாவின் எலக்ட்ரிக் கிதாரை ரிப்பேருக்குக் கொடுத்தேன். "ஜாக்கைத் தொட்டாலே கரகரங்குது, அதை மட்டும் பாருங்கண்ணே" என்றுதான் சொன்னேன். பத்து நாள் கழித்துப் போனால், கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கறுப்புக் கிதாரை எடுத்து நீட்டினார். "பழைய பெயின்ட்டை மொத்தமா தேய்ச்சு எடுத்துட்டேன் தம்பி. புதுசு மாதிரி இருக்கா?"

இருந்தது. பிரச்சினையே அதுதான்.

அது கல்கத்தாவில் செய்த கிவ்சன். வெளியே ஒரு கிப்சன் என்றால் இங்கே ஒரு கிவ்சன். அங்கே ஹாஃப்னர் என்றால் இங்கே ஹோப்னர். வெளிநாட்டுக் கிதாரை விளம்பரத்தில் மட்டும் பார்க்க முடிந்த காலத்தில் நம்மூர்க் கைகளுக்கு எட்டியவை இவைதான். மாமா அதைத் தூத்துக்குடியில் கோயில் பாடகர் குழுவில் இருபது வருஷத்துக்கு மேல் வாசித்தார். ஆகஸ்ட் 5 மாதா திருவிழா வந்தால் அந்தப் புழுக்கத்தில் வியர்வை சொட்டச் சொட்ட வாசிப்பார். வலது முன்கை உரசி உரசி, சிவப்பு வார்னிஷ் போய், உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரியும். அவர் வாசித்ததை யாரும் பதிவு செய்யவில்லை. அந்தத் தேய்மானம்தான் ஒரே பதிவு. அதை உப்புத்தாள் ஒரு மத்தியானத்தில் அழித்துவிட்டது.

கடைக்காரரை நான் திட்ட மாட்டேன். உப்பளக் காற்று இரும்பைத் தின்கிற ஊர் இது. பழசு என்றால் இங்கே வறுமை என்று அர்த்தம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் கடலில் இறக்குமுன் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் மரியாதைதான். ஆனால் ரிப்பேர் வேறு, அழிப்பு வேறு. ஓடாததை ஓட வைப்பது ரிப்பேர். ஒருவர் இருந்த தடயத்தை எடுத்துவிடுவது ரிப்பேர் இல்லை.

இதே தேய்மானம் வெளிநாட்டுக் கிதாரில் இருந்தால் அதற்கு மரியாதையே தனி. 1958க்கும் 1960க்கும் நடுவில் வந்த லெஸ் பால் சன்பர்ஸ்ட் கிதார்களில் சிவப்புச் சாயம் வெயிலில் வெளுத்துப்போனது. அந்த வெளுப்பையே அழகு என்று சொல்லிப் பல லட்சம் டாலர் கொடுக்கிறார்கள். அயர்லாந்தின் ரோரி கேலகர் 1961ஆம் வருஷத்து ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை வைத்திருந்தார். அவர் வியர்வையில் பெயின்ட் உரிந்து அது முக்கால்வாசி வெறும் மரமாகிவிட்டது. 2024இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதற்காகவே அதை வாங்கினார்கள். கேலகரின் வியர்வை வரலாறு, மாமாவின் வியர்வை அழுக்கா? யார் சொன்னது?

சரி, அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா? அப்படிச் சொல்கிற ஒரு கூட்டமும் இருக்கிறது. பழைய ஈயப் பற்றவைப்பைக் கூடக் கலைக்காதே, ஸ்க்ரூவை மாற்றாதே, கண்ணாடிப் பெட்டியில் மாட்டு என்பார்கள். கேட்க பக்தி மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது விலைக் கணக்கு. பெயின்ட் மாற்றினால் விலை பாதியாகிவிடும் என்பது அந்தச் சந்தையின் வாய்ப்பாடு. நம் ஊர் கிவ்சனை யாரும் ஏலம் எடுக்கப் போவதில்லை. பிறகு யாருக்காக அதைப் பெட்டியில் பூட்டுவது?

பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கடற்கரையைக் கேட்டால் சொல்லும். முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றது. முத்துநகர் என்ற பெயர் மட்டும் இன்னும் ரயிலில் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் போய்வந்துகொண்டிருக்கிறது. பெயரைக் காப்பாற்றினோம், தொழில் போய்விட்டது. கிதாரும் அப்படித்தான். வாசிக்காமல் சுவரில் மாட்டினால் கம்பி துருப்பிடிக்கும், பிக்கப்புக்குள் இருக்கிற தலைமுடி போன்ற செம்புக் கம்பி அரிக்கும். எர்த் இல்லாத பழைய ஆம்ப்ளிஃபயரை 'ஒரிஜினல்' என்று அப்படியே வைத்திருந்தால், வாசிக்கிற பிள்ளைக்கு ஷாக் அடிக்கும். இதில் என்ன பாதுகாப்பு?

இந்த வழக்குக்குத் தீர்ப்பு தோணிக்காரர்களிடம் இருக்கிறது. ஜோ டி குருஸின் 'கொற்கை' படித்தவர்களுக்குத் தோணி என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன மரக்கப்பல். பலகை உளுத்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்றுவார்கள். நல்ல பலகையில் கை வைக்க மாட்டார்கள். பாய் போய் எஞ்சினும் வந்தது. தோணி தோணியாகவே இருந்தது, ஏனென்றால் அது கடலில் இருந்தது. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் தன் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு இதையேதான் செய்தார். கழுத்தைப் பல தடவை மாற்றினார், பிக்கப்பை மாற்றினார். 2019இல் அது கிட்டத்தட்ட 40 லட்சம் டாலருக்குப் போனது. யாரும் 'இது அதே கிதாரா?' என்று கேட்கவில்லை.

ஆகவே என் கட்சி இது. தேய்வதற்கென்றே இருக்கிறவற்றை மாற்றுங்கள்: கம்பி, ஃப்ரெட், ஜாக், வால்யூம் குமிழ். எர்த்தைச் சரிபாருங்கள். கழற்றியதை ஒரு கவரில் போட்டு, என்றைக்கு என்ன மாற்றினோம் என்று எழுதி, கிதார்ப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பெயின்ட்டைத் தொடாதீர்கள். கடையில் கொடுக்கும்போது, என்ன செய்ய வேண்டும் என்பதோடு என்ன செய்யக்கூடாது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. குற்றத்தில் பாதி என்னுடையது.

கிதார் இப்போது மாமா மகளிடம் இருக்கிறது. ஞாயிறு திருப்பலிக்கு அவள்தான் வாசிக்கிறாள். போன வாரம் பார்த்தேன், முன்கை படுகிற இடத்தில் கறுப்புப் பெயின்ட் லேசாக மங்கத் தொடங்கியிருக்கிறது. "பாலிஷ் போட்டுரவா அண்ணே?" என்று கேட்டாள்.

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்றேன்.