ஊசிக்கு முன்பே வீடு தேடி வந்த பழி

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் படித்தவர்கள் வட்டத்தில் ஒரு தீர்ப்பு தவறாமல் வந்து விழுகிறது: “அரசாங்கம் தடுப்பூசியைக் கொடுக்கத்தான் செய்தது; நம் சனங்கள்தான் பயந்துகொண்டு போடாமல் இருந்தார்கள்.” வாட்ஸ்அப் வதந்திகளும் நாட்டு மருந்து நம்பிக்கையும் ஒரு நடிகரின் மரணமும் அதற்குச் சாட்சிகளாக அழைக்கப்படுகின்றன. வழக்கு அத்தோடு முடிந்துவிடுகிறது. குற்றவாளி, பாமர மக்களின் அறியாமை. தயங்கியவர்கள் இருந்தார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தயக்கம் எந்த மாதத்தில் ஏறியது, எந்த மாதத்தில் இறங்கியது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. 2021 ஜனவரிக்கும் அந்த ஆண்டு செப்டம்பருக்கும் இடையில் தமிழ்நாட்டு மக்களின் படிப்பும் பகுத்தறிவும் தலைகீழாக மாறிவிடவில்லை. கையிருப்பு, விலை, தூரம், கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் ஆகிய நான்கும்தான் மாறின. அவை மாறிய போதெல்லாம் வரிசையின் நீளமும் மாறியது.

முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். 2021 ஜனவரி 16 அன்று நாடு முழுவதும் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 160-க்கும் மேற்பட்ட மையங்கள், மையத்துக்கு 100 பேர் என்று ஏற்பாடு. அன்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3,000 பேர்தான். ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை. அன்றைக்கு வராமல் போனவர்கள் யார்? பாமர மக்களுக்கு அப்போது ஊசியே கிடையாது. பட்டியலில் இருந்தவர்கள் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகப் பணியாளர்கள், மருத்துவமனை ஊழியர்கள். மருந்தைப் பற்றி நாட்டிலேயே அதிகம் தெரிந்தவர்கள்தான் முதலில் தயங்கினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. மூன்றாம் கட்டச் சோதனையில் கோவேக்சின் தடுப்பூசி எவ்வளவு பலன் தருகிறது என்ற கணக்கு வருவதற்கு முன்பே, ஜனவரி 3 அன்று, ‘மருத்துவச் சோதனை முறையில்’ என்ற அடைமொழியோடு அதற்கு அவசர அனுமதி தரப்பட்டது. போட்டுக்கொள்பவர் தனியாக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. இடைக்காலப் பலன் 81 விழுக்காடு என்ற அறிவிப்பு மார்ச் 3 அன்றுதான் வந்தது. அடைமொழி அதற்கடுத்த வாரம் நீக்கப்பட்டது. தரவு வரட்டும் என்று காத்திருந்தவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்றால், மருத்துவக் கல்லூரியில் சொல்லித்தரும் முதல் பாடத்தையே மூடநம்பிக்கை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று மார்ச், ஏப்ரல் மாதங்களில் இருக்கிறது. அதை ஒளித்துவைக்கத் தேவையில்லை. அப்போது முதியோருக்கும், ஏப்ரல் முதல் 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் தடுப்பூசி திறந்துவிடப்பட்டிருந்தது, கையிருப்பும் இருந்தது, கூட்டம்தான் இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12 விழுக்காடு மருந்து வீணானதாகச் சொல்லப்பட்டது. நாட்டிலேயே அதிக விரயம் செய்த மாநிலம் என்ற பெயரும் கிடைத்தது. ஆனால் விரயம் எப்படி நேர்கிறது என்று பாருங்கள். கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். ஆறு பேர் வந்தால் நான்கு பேருக்கான மருந்து கீழே போகும். ஊருக்கு ஊர் ஆளைத் திரட்டிக் குப்பியைத் திறக்கும் ஏற்பாடு இல்லாதபோது விரயம் வரத்தான் செய்யும். அந்த மாதங்களில் அரசுகளே நடந்துகொண்ட விதமும் கணக்கில் சேர வேண்டும். தொற்று ஓய்ந்துவிட்டது என்ற தொனி மேலிருந்து கீழ்வரை கேட்டது. ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்காக முகக்கவசம் இல்லாத பெருங்கூட்டங்கள் தெருத்தெருவாகத் திரட்டப்பட்டன. ஆபத்து போய்விட்டது என்று மேடையில் காட்டிவிட்டு, ஆபத்துக்கு ஏன் ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்று கீழே நின்றவனைக் கேட்பது என்ன நியாயம்? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு இதே தமிழ்நாட்டில் விரயம் பூச்சியத்துக்கும் கீழே போனது. குப்பியில் கூடுதலாக அடைக்கப்பட்டிருக்கும் சில சொட்டுகளையும் சேர்த்து எடுத்து, வந்த கணக்கைவிட அதிகம் பேருக்குச் செவிலியர்கள் ஊசி போட்டார்கள். போட்டுக்கொண்டவர்கள் இரண்டு மாதத்துக்கு முன்பு இருந்த அதே மக்கள்தான்.

அடுத்து, நடிகர் விவேக்கின் மரணம். ஏப்ரல் 15 அன்று மக்களுக்கு நம்பிக்கை தருவதற்காகவே சென்னையில் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி விடியலில் இறந்தார். அதன்பின் மையங்களில் கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் ஊசி போட்டு இரண்டு நாளில் ஒருவர் இறந்தால், இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்று கேட்பது மனித மனத்தின் இயல்பு. அந்தக் கேள்வி எழுவதில் குற்றமில்லை. அதற்குப் பதில் எவ்வளவு விரைவாக, எவ்வளவு விளக்கமாக வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். ஆனால் தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவின் முடிவு, அது தற்செயலாக நேர்ந்த மரணம்தான் என்று, அக்டோபரில்தான் வெளியே தெரிந்தது. இடையில் ஆறு மாதம். வதந்தி ஆறு நிமிடத்தில் பரவும் காலத்தில் ஆய்வு முடிவுக்கு ஆறு மாதம் ஆனால், இடைவெளியை நிரப்புவது யார்? வாட்ஸ்அப்தான். அதைத் திறந்து படிப்பவர்களும் எழுத்தறிவு இல்லாதவர்கள் அல்லர். 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் வந்தபோது இதே தமிழ்நாட்டில் கைப்பேசி வழியாகவே அச்சம் பரவியது. பிள்ளைகளுக்குப் போட வேண்டாம் என்று பள்ளிக்குச் சொல்லியனுப்பியவர்கள் பள்ளியில் படித்த பெற்றோர்களே. போலியோ சொட்டு மருந்துக்கு ஆண்டாண்டாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற கிராமத்துத் தாய்மாரை இந்தப் பழிக்குள் இழுப்பது நன்றி கெட்ட செயல்.

மே மாதம் இந்தக் கதையை முற்றிலும் திருப்பிப் போட்டது. மே 1 முதல் 18 வயதைக் கடந்த எல்லோருக்கும் தடுப்பூசி என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்த வேகத்தில் மருந்து வரவில்லை. தமிழ்நாட்டில் அந்த வயதினருக்குப் போடத் தொடங்கவே மே 20 ஆகிவிட்டது. ஜூன் தொடக்கத்தில் இருப்பு தீர்ந்து, பல மையங்கள் மூடிக்கிடந்தன. 3.5 கோடி டோஸ் வாங்க மாநில அரசு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை. இளைஞர்கள் தடுப்பூசி முன்பதிவுக்கான கோவின் தளத்தில் இடம் பிடிக்கக் கைப்பேசியும் கையுமாகக் காத்திருந்தார்கள். திறந்த சில நொடிகளில் இடங்கள் தீர்ந்தன. ஸ்மார்ட்போன் இல்லாதவனுக்கு ஓடிபி எங்கிருந்து வரும்? நேரில் வந்து பதிந்துகொள்ளலாம் என்ற தளர்வு அந்த வயதினருக்கு மே 24 அன்றுதான் வந்தது. கோவினில் மாநில மொழிகள் சேர்க்கப்பட்டபோது முதலில் தமிழ் விடுபட்டுப்போய், எதிர்ப்பு எழுந்த பிறகே சேர்ந்தது. இந்த வயதினர் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற கொள்கை, முதல் பார்வையிலேயே தன்னிச்சையாகவும் அறிவுக்கு ஒவ்வாததாகவும் தோன்றுகிறது என்று மே 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு வாரத்தில் கொள்கை மாறியது. ஊசிக்காக விடியற்காலையில் டோக்கன் வாங்க நின்று, இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட மக்களைப் பார்த்து ‘போட வரவில்லை’ என்று எழுதிய பேனாக்களை என்னவென்று சொல்வது?

விலை என்ன செய்தது என்பதற்கு இரண்டு கணக்குகள் போதும். உற்பத்தியாகும் தடுப்பூசியில் 25 விழுக்காடு தனியார் மருத்துவமனைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. அங்கே கோவிஷீல்டுக்கு அதிகபட்சமாக 780 ரூபாய், கோவேக்சினுக்கு 1,410 ரூபாய். மே முதல் ஜூலை நடுப்பகுதி வரை போடப்பட்ட ஊசிகளில் தனியாரின் பங்கு 7 விழுக்காட்டளவே இருந்தது. அரசு மையங்களில் மருந்தில்லாமல் மக்கள் திரும்பிய அதே நாட்களில்தான் இது நடந்தது. அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கும்படி தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதமே எழுதினார். இரண்டாவது கணக்கு இன்னும் தெளிவானது. 2022 ஏப்ரல் 10 முதல் 18 வயதைக் கடந்தவர்கள் மூன்றாவதான முன்னெச்சரிக்கைத் தவணையைத் தனியாரிடம் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். மூன்று மாதம் கழிந்தும் 59 வயது வரையிலானோரில் நூற்றுக்கு ஒருவர்கூட அதைப் போட்டுக்கொள்ளவில்லை. இலவசமாகக் கிடைத்த அறுபது வயதுக்காரர்களிலோ சுமார் கால்வாசிப் பேர் போட்டிருந்தார்கள். ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு எல்லோருக்கும் இலவசம் என்றதும் கோடிக்கணக்கான தவணைகள் போடப்பட்டன. முன்பு குறைவானவர்களே போட்டுக்கொண்டதற்கு நோயின் பயம் குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் பயம் ஜூலை 15 அன்று திடீரென்று திரும்பி வந்துவிடவில்லை. அன்று மாறியது விலைதான்.

கிராமத்தில் விலையைவிடப் பெரிய தடை ஒரு நாள் கூலி. ஊசி போட்ட அன்று மாலை காய்ச்சல் வரும், மறுநாள் உடம்பு முறித்துப் போடும்; தினக்கூலிக்கு அது இரண்டு நாள் வருமானம். மாதச் சம்பளக்காரர் விடுப்பில் படுத்துக்கொண்டு சமாளித்த காய்ச்சலை, விடுப்பே இல்லாதவர் தயக்கமாகக் காட்டினார். சென்னையை அடுத்த கோவளத்தில் ஊசி போட்டுக்கொண்டால் பிரியாணி, குலுக்கலில் தங்கக் காசு, ஸ்கூட்டர் என்று தன்னார்வலர்கள் அறிவித்ததும் மீனவர்கள் திரண்டு வந்தார்கள். லஞ்சம் கொடுத்தால்தான் வருவார்களா என்று சிரித்தவர்கள் உண்டு. கடலுக்குப் போகாத ஒரு நாளின் நஷ்டத்தை யாரோ ஒருவர் முதன்முறையாக ஈடுகட்டினார் என்றும் அதைப் படிக்கலாம். நீலகிரியில் குழுக்கள் பழங்குடிக் குடியிருப்புகளுக்கே நடந்துபோய், அவர்கள் மொழியில் பேசி, ஜூலைக்குள் தகுதியுள்ள அநேகமாக எல்லோருக்கும் முதல் தவணையைப் போட்டு முடித்தன. செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுவதும் 40,000 இடங்களில் முகாம் வைத்தார்கள். இலக்கு 20 லட்சம், போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் மேல். ஜனவரியில் முதல் நாளில் 3,000, செப்டம்பரில் ஒரே நாளில் 28 லட்சம். அறியாமை எட்டு மாதத்தில் இப்படிக் கரைந்தது என்று நம்புவதைவிட, ஊசி தெருமுனைக்கு வந்தது என்று நம்புவது எளிது.

கட்டாயப்படுத்தியதால்தான் வந்தார்கள் என்று சிலர் கேட்கலாம். பொது இடங்களுக்குப் போக ஊசி போட்டிருக்க வேண்டும் என்ற ஆணைகள் தமிழ்நாட்டில் நவம்பரில்தான் வந்தன. செப்டம்பர்க் கூட்டம் அவற்றுக்கு முந்தையது. கடைசியாக எஞ்சிய சிலரைக் கட்டாயம் நகர்த்தியிருக்கலாம். கோடிக்கணக்கானவர்களை நகர்த்தியது அதுவன்று. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது. அதே தீர்ப்பில் சோதனைத் தரவுகளையும் பாதிப்பு அறிக்கைகளையும் பொதுவெளியில் வைக்கவும் சொன்னது. கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் பெற உரிமை உண்டு என்பதே அதன் பொருள். தரவு எதுவானாலும் ஏற்காத, தடுப்பூசியையே சதி என்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் இடம் இல்லை. இந்தக் கட்டுரையிலும் இல்லை. தடுப்பூசி உயிர் காத்தது. அதனால்தான் அது தாமதமாகச் சேர்ந்ததற்குக் காரணம் யார் என்ற கேள்வி முக்கியமாகிறது.

அறியாமைதான் காரணம் என்று முடிவுகட்டினால் அடுத்த தொற்றுக்கு நாம் செய்யப்போவது விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டுவதுதான். அது செலவு குறைந்த பரிகாரம். யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2008-இல் குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்று அரசுத் தடுப்பூசி நிறுவனங்களின் உற்பத்தி உரிமத்தை ஒன்றிய அரசே நிறுத்திவைத்தது ஏன் என்று சுவரொட்டி கேட்காது. மாற்றாகச் செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் எழுப்பப்பட்ட தடுப்பூசி வளாகம், நாடே மருந்துக்குத் தவித்த 2021-இல் ஒரு டோஸ்கூடத் தயாரிக்காமல் நின்றது ஏன் என்றும் கேட்காது. அந்த வளாகத்திலிருந்து சில மைல் தொலைவில் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கிழவி, மறுவாரமும் வந்து நின்றாள். தடுப்பூசியின் அருமை தெரியாதவள் என்று அவளைச் சொல்லிவிட முடியுமா?